கறுப்பு சேர்த்து எடுத்த நீலம்

ஒளியைப் படைத்து, அதைக் காணக் கண்ணையும், கண்டதை எண்ணி வியக்க நெஞ்சையும் சேர்த்தே அருளிய வல்லோனுக்கே புகழ் அனைத்தும். அவன் படைத்த ஒளி, அவன் படைத்த நுண்துகள்களில் பட்டு எவ்வாறு சிதறுகிறது என்று கணினியில் கணக்கிடுவதே என் தொழிலாக இருந்தது. இதைவிட இன்பமான ஊழியம் வேறெவருக்கும் வாய்த்திருந்தால் அவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

இதை எழுதத் தூண்டியவர்கள், நான் பணியாற்றிய பௌதிகவியல் துறையின் இப்போதைய இளையவர்கள். தானே கற்றுக்கொள்ளும் செய்நிரல் ஒன்றை அவர்கள் அமைத்திருக்கிறார்கள். துகள்களின் பருமனையும் நெருக்கத்தையும் சொன்னால், எந்த நிறம் எவ்வளவு சிதறும் என்ற வரைபை அது கண்ணிமைக்கும் நேரத்தில் போட்டுத் தருகிறதாம். அவர்களுள் ஒருவர் தொலைபேசியில் கேட்டார்:

"சேர், இதுக்கா நீங்க எல்லாம் கிழமைக்கணக்கா சமன்பாடு தீர்த்துக்கொண்டு இருந்தீங்க? வேற வேலை இருக்கேல்லையா?"

"அந்தப் பொறி படிச்ச பாடமெல்லாம் நாங்க தீர்த்த கணக்குத்தானே மகன். படிச்சுப் போட்டு வாத்தியாரப் பார்த்து வேலை இல்லையா எண்டு கேக்குது," என்றேன்.

மறுமுனையில் பலர் சிரித்தார்கள். ஒலிபெருக்கியில் போட்டிருந்தார்கள் போலும். பிறகு துறையின் ஆண்டு மலருக்கு எழுதித் தரவேண்டும் என்று பிடிவாதமாகக் கேட்டுக்கொண்டார்கள். ஆகவே எழுதுகிறேன்.

என் ஊர் மாம்புரி. ஒருபுறம் கடல், மறுபுறம் கடல்நீர் உள்வந்து தேங்கிய களப்பு, நடுவே தென்னையும் மிளகாய்த் தோட்டமும். வாப்பா தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும்போதும் மெய்ஞ்ஞானப் பாடல்களை விருத்தமாக இழுத்துப் பாடுவார். இறைவனை ஒளியென்று விளிக்கும் அடிகள் வரும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்வார். அந்த அடிகளை மனனம் செய்து வளர்ந்தவன் பின்னர் பல்கலைக்கழகத்தில் ஒளியியலைத் தெரிந்தெடுத்தான் என்றால், அதில் வியப்பதற்கு எதுவும் இல்லை. பட்டம் பெற்றேன், அதே துறையில் கணிப்பு உத்தியோகத்தராக நியமனம் பெற்றேன். ஊரிலிருந்து சில மணிநேர பஸ் தூரம். கிழமை நாட்களில் விடுதி அறை, வார இறுதியில் வீடு. அவ்வளவுதான் என் பயிற்சிக் காலம்.

எங்கள் கணிப்புப் பிரிவின் தலைவி கலாநிதி சிவகாமி. எல்லோருக்கும் அவர் மிஸ். யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பத்தவர். நெற்றியில் நீறு, தோளில் துணிப்பை, காதோரத்தில் எப்போதும் ஒரு பென்சில். "பிழை" என்ற சொல்லை அவர் எவரிடமும் பயன்படுத்தி நான் கேட்டதில்லை. கணினி ஏதேனும் விபரீதமான விடையைத் தந்தால், "நீர் கேட்டதுக்கு அது விடை சொல்லியிருக்கு. என்னத்தைக் கேட்டீர் எண்டு முதல் பாரும்," என்பார்.

செய்நிரல் ஒன்றை எழுதி முடித்தால் மூன்று வாசல்களைக் கடந்த பின்னரே அதை நம்பலாம் என்பது அவருடைய விதி. முதல் வாசல், ஒற்றைக் கோளம். தனியொரு கோளத்தில் ஒளி சிதறுவதற்குப் பழைய, சரியான சூத்திரம் உண்டு. எங்கள் விடை அதனோடு பொருந்த வேண்டும். இரண்டாவது வாசல், இரட்டைக் கோளம். இடவலம் மாற்றி வைத்தாலும் விடை கண்ணாடிப் பிம்பம் போல மாறியிருக்க வேண்டுமேயன்றி வேறாகக் கூடாது. மூன்றாவது வாசல், வரவு செலவு. உள்ளே போன ஒளி எவ்வளவோ, சிதறியதும் உறிஞ்சப்பட்டதும் சேர்ந்து அவ்வளவே இருக்க வேண்டும்.

என் முதல் செய்நிரல் மூன்றாவது வாசலில் அகப்பட்டுக்கொண்டது. உள்ளே போனதைவிட வெளியே வந்த ஒளி கூடுதலாக இருந்தது. அச்செடுத்த தாளை மிஸ் நெடுநேரம் பார்த்தார்.

"நஸீர், நீர் ஐந்து நேரமும் தொழுகிற ஆள்தானே?"

"ஓம் மிஸ்."

"ஒளியைப் படைக்கிறது ஆருடைய வேலை?"

"அவனுடைய வேலை மிஸ்."

"அப்ப நீர் ஏன் அதைச் செய்யிறீர்? போய்ச் சமன் செய்துகொண்டு வாரும்."

இந்த வாசல்கள் எல்லாவற்றுக்கும் முன்னே இன்னொரு வழக்கமும் இருந்தது. கணினியை ஓட விடுவதற்கு முன்னர், விடை எப்படி வரும் என்று தாம் நினைக்கிறாரோ அதை ஒவ்வொருவரும் வரைபுத்தாளில் பென்சிலால் கோடாக வரைந்து, கையொப்பமிட்டு, சுவரில் குத்த வேண்டும். அதற்கு முன்கோடு என்று பெயர். மிஸ்ஸும் வரைவார். விடை வந்ததும் எவருடைய முன்கோடு மிகவும் விலகி நிற்கிறதோ அவர் எல்லோருக்கும் தேநீரும் தின்பண்டமும் வாங்க வேண்டும். முன்கூட்டியே நினைப்பை எழுதி ஒட்டாதவன் எந்த விடை வந்தாலும் இதைத்தான் எதிர்பார்த்தேன் என்று தலையாட்டுவான் என்பது மிஸ்ஸின் கருத்து. எத்தனையோ பல்கலைக்கழகங்களிலிருந்து வந்தவர்களோடு பின்னாளில் வேலை செய்திருக்கிறேன். இந்த நல்ல பழக்கத்தை வேறெங்கும் காணவில்லை.

ஒரு துகளுக்குச் சூத்திரம் உண்டு என்றேன். பல துகள்கள் நெருங்கிக் கிடந்தால் கதை வேறு. பள்ளிவாசலில் பைத் என்னும் புகழ்ப்பா ஓதும் சபையை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொருவரும் தாமும் ஓதுகிறார், மற்றவர்களின் குரலையும் கேட்கிறார், கேட்டதற்கேற்பத் தம் குரலை ஏற்றி இறக்குகிறார். அந்த மாற்றம் மறுபடியும் எல்லோர் காதிலும் விழுகிறது. சபையின் ஓசையை அறிய வேண்டுமானால் ஒவ்வொருவரையும் தனித்தனியே கேட்டுக் கூட்டினால் போதாது. எல்லோரையும் ஒருசேரத் தீர்க்க வேண்டும். நனோத் துகள்களும் அப்படியே. ஒவ்வொன்றும் சிதறிய ஒளி மற்றெல்லாவற்றிலும் பட்டு மீண்டும் சிதறுகிறது. ஆகவே ஆயிரக்கணக்கான சமன்பாடுகளை ஒரே பிடியில் தீர்க்கிறோம். துகள்களை இருமடங்காக்கினால் வேலை எண்மடங்காகும். எங்களிடமிருந்தவை கம்பியால் ஒன்றோடொன்று பிணைத்த பழைய மேசைக் கணினிகள். அவற்றுக்காகப் போட்டிருந்த குளிரூட்டியின் கீழ் துறையின் பாதிப் பேர் ஏதாவது காரணம் சொல்லி வந்து நிற்பார்கள்.

கணக்கு ஓடும்வரை மிஸ் வாய்க்குள் திருமுறை பாடிக்கொண்டிருப்பார். அவர் முடித்ததும் நான் அதே சந்தத்தில், இறைவனிடம் இறைஞ்சும் முனாஜாத்துப் பாடல் ஒன்றை எடுப்பேன். ஒருநாள் அவர் சொன்னார்:

"உங்கட பாட்டிலயும் அவர் ஒளிதான், எங்கட பாட்டிலயும் ஒளிதான். பிறகென்ன நஸீர், இரண்டு பேரும் ஒரே இலாகாவிலதான் வேலை செய்யிறம்."

இனி நிலாந்தியின் நீலத்துக்கு வருகிறேன்.

நிலாந்தி சிலாபத்துச் சிங்களப் பெண். தமிழை எங்களைப் போலவே பேசுவார். என்னை அண்ணன் முறையில் நானா என்பார், நான் அவரைத் தங்கை முறையில் நங்கி என்பேன். இரசாயனவியலில் தற்காலிக விரிவுரையாளராக இருந்துகொண்டு, எங்கள் பிரிவோடு இணைந்து கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்தார். அவருடைய நோக்கம், சாயமே இல்லாத நீலப் பூச்சு. சாயத்தின் நீலம் வெயிலில் சிதைந்து வெளிறிவிடும். மீன்கொத்தியின் முதுகிலுள்ள நீலமோ அதன் ஆயுள் முழுவதும் அப்படியே இருக்கிறது. அதில் நீலச் சாயம் கிடையாது. நுண்ணிய கட்டமைப்பு, ஏறக்குறைய ஒரே இடைவெளியில் அமைந்திருப்பதால், நீல ஒளியின் அலைகள் மட்டும் ஒன்றோடொன்று கைகோத்துத் திரும்பி வருகின்றன. மயிரிழையின் பருமனில் சில நூற்றில் ஒரு பங்கான சிலிக்கா மணிகளை நெருக்கமாக, ஆனால் ஒழுங்கு வரிசையில்லாமல் படியச் செய்தால், எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் அதே நீலம் வரவேண்டும். எங்கள் கணக்கு அப்படித்தான் சொன்னது. நீல அலைநீளத்தில் வரைபு ஒரு மலை போல எழுந்து நின்றது. முன்கோடுகளும் அநேகமாகப் பொருந்தின. எல்லோரும் மகிழ்ந்தோம்.

நிலாந்தி அந்த மணிகளைச் செய்து, கண்ணாடித் தட்டில் ஊற்றிக் காயவைத்தார். காய்ந்ததும் அது பால் போல வெள்ளையாக இருந்தது. மணியின் பருமனை மாற்றினார். வெள்ளை. நெருக்கத்தை மாற்றினார். அதுவும் வெள்ளை. இப்படியே காலம் போனது. அவருடைய பதிவுக்காலம் ஒருமுறை நீட்டப்பட்டது, பின்னர் மறுமுறையும் நீட்டப்பட்டது. இனி நீட்டுவதற்கு விதியில் இடமில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்காவிட்டால் பட்டமும் இல்லை, அந்தப் பட்டத்தை நம்பிக் கொடுத்த தற்காலிகப் பதவியும் இல்லை. இரசாயனவியலில் சிலர் எங்களை ஏளனம் செய்யத் தொடங்கியிருந்தார்கள். நீலம் கணினிக்குள்ளேயே குடியிருக்கட்டும், வெளியே வரவேண்டாம் என்று வாழ்த்தினார்கள்.

ஒரு முற்பகலில் நிலாந்தி நேரே என் மேசைக்கு வந்தார். வெள்ளைத் தட்டிலிருந்து திரும்பும் ஒளியை ஒவ்வோர் அலைநீளத்திலும் அளந்து, அந்த வரைபைத் தாளில் எடுத்து வந்திருந்தார்.

"நானா, உங்கட மலை எங்க? இது வெறும் வயல்."

உண்மைதான். உயரத்தில் ஒரே மட்டமாக ஒரு கோடு. வெண்மை என்பது அதுதானே, எல்லா நிறமும் சமமாகத் திரும்புவது. ஆனால் கூர்ந்து பார்த்தபோது, நீலத்தின் இடத்தில் கோடு சற்றே வீங்கியிருப்பதாகத் தோன்றியது.

"வயல்தான் நங்கி. ஆனா இந்த இடத்தில ஒரு வரம்பு இருக்கு, பாருங்க."

"வரம்பைப் பார்த்துப் பட்டம் குடுப்பாங்களா நானா?"

அவருடைய வரைபையும் எங்களுடையதையும் ஒரே தாளில் போட்டுப் பார்ப்போம் என்று தொடங்கினேன். அவருடைய அளவுகோல் பூச்சியத்திலிருந்து நூறு வரை. எங்களுடையது பூச்சியத்திலிருந்து ஒன்று வரை. ஏன் அப்படி என்று பார்க்க, வரைபு போடும் செய்நிரலைத் திறந்தேன். பிரிவு தொடங்கிய காலத்திலிருந்தே எல்லோரும் பயன்படுத்தும் சிறிய செய்நிரல் அது. அதில் இரண்டு வரிகள் இருந்தன. வரைபின் மிகத் தாழ்ந்த பெறுமானத்தை எல்லாப் புள்ளிகளிலிருந்தும் கழிப்பது ஒன்று. மிஞ்சியதில் மிக உயர்ந்த புள்ளி ஒன்று என்று வரும்படி நீட்டுவது மற்றது. மலையின் உச்சி எந்த அலைநீளத்தில் நிற்கிறது என்பதை மட்டும் ஒப்பிட வேண்டியிருந்த நாட்களில், வரைபுகள் ஒன்றன்மேல் ஒன்று அழகாக விழுவதற்காகச் செய்த ஏற்பாடு. எல்லோருக்கும் பழகிப்போனதால் அப்படி ஒரு கழித்தல் நடப்பதே எவருடைய நினைவிலும் இல்லை.

அந்த இரண்டு வரிகளையும் நிறுத்திவிட்டு மீண்டும் வரைந்தேன். மலை உயரமான மேட்டு நிலத்தின் மேல் அமர்ந்த சிறு திட்டாக மாறியது. நாங்கள் கணித்த படலம் மெல்லியது. தடிமனைக் கூட்டிக் கூட்டிக் கணித்தால் மேடு உயர்ந்துகொண்டே போனது, திட்டு அப்படியே நின்றது. இத்தனை காலமும் எங்கள் கணினி வெள்ளையைத்தான் சொல்லியிருக்கிறது. நாங்கள்தாம் வெள்ளையைக் கழித்துவிட்டு நீலத்தைப் பார்த்திருக்கிறோம்.

மிஸ்ஸை அழைத்தோம். அவர் மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டு திரையருகே குனிந்தார்.

"இந்த இரண்டு வரியும் நான் எழுதினது," என்றார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அதுக்குப் பிறகு போட்ட முன்கோடுகள் எல்லாத்துக்கும் சேர்த்து இண்டைக்குத் தேத்தண்ணி என்ர செலவு," என்றார்.

நிலாந்தி சிரிக்கவில்லை. "மிஸ், அப்ப நீலம் இல்லையா?"

"இருக்கு பிள்ளை. வெள்ளைக்குள்ள தாண்டு கிடக்கு. எப்பிடி எடுக்கிறது எண்டுதான் தெரியேல்லை."

அன்று தேநீர் ஆறிப்போகும்வரை பேசினோம். நீல மலையைக் கட்டுவது, ஓரிரு மணிகளில் பட்டு விரைவாகத் திரும்பிவிடும் ஒளி. வெள்ளை மேட்டைக் கட்டுவது, படலத்துக்குள் நெடுந்தூரம் அலைந்து, எங்கிருந்து வந்தோம் என்பதையே மறந்து திரும்பும் ஒளி. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு நடந்த தூரம் மட்டுமே. அப்படியானால், நடந்த தூரத்துக்கேற்ப ஒளியை விழுங்கும் பொருளொன்றைச் சிறிதளவு கலந்தால், நெடுநேரம் அலைவது அழியும், விரைந்து திரும்புவது பிழைக்கும்.

"அப்பிடியான சாமான் கறுப்புத்தான் மிஸ்," என்றேன்.

"அனே நானா, வெள்ளையில கறுப்புக் கலந்தா சாம்பல் வரும். நேர்சரிப் பிள்ளைக்கும் தெரியும்," என்றார் நிலாந்தி.

"எல்லாரும் முன்கோடு போடுங்கோ," என்றார் மிஸ்.

போட்டோம். நிலாந்தி, மேடும் மலையும் சேர்ந்து தாழ்ந்து போவதாக வரைந்தார். மிஸ், மேடு பாதியாகும், மலையும் பாதியாகும் என்று வரைந்தார். நான் மேட்டை அடியோடு சாய்த்து, மலையின் தலையை மட்டும் சற்றே தட்டினேன். அறிவினால் அப்படி வரைந்தேன் என்று சொல்லமாட்டேன். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறு எப்படியும் வரைய எனக்கு மனம் வரவில்லை.

ஒளி ஒரு பொருளுக்குள் எவ்வளவு வளையும் என்று சொல்லும் முறிவுச்சுட்டியில், உறிஞ்சலைக் குறிக்கும் சிறிய எண் ஒன்று உண்டு. சிலிக்கா ஒளியை உறிஞ்சாது என்பதால் அதைப் பூச்சியமாகவே வைத்திருந்தோம். இப்போது அதற்கு மிகச் சிறிய பெறுமானம் கொடுத்து ஓடவிட்டோம். மூன்று வாசல்களையும் கடந்து விடை வந்தபோது மேடு சாய்ந்திருந்தது. மலை நின்றது. அல்ஹம்துலில்லாஹ். எண்ணைக் கூட்டினால் மலையும் சாய்ந்து எல்லாம் இருண்டது. குறைத்தால் வெள்ளை திரும்பி வந்தது. இடையில் ஒரு குறுகிய அளவுக்குள் மட்டும் நீலம் நின்றது.

ஆனால் கணினிக்குள் கறுப்புச் சேர்ப்பது ஓர் எண்ணை மாற்றுவது. தட்டில் சேர்ப்பது வேறு. நிலாந்தி நுண்ணிய புகைக்கரியைக் கலந்தார். கரி நீரில் ஒட்டாமல் தன்னில் தானே கட்டிக்கொண்டது. தட்டில் வந்தது வெள்ளைப் பரப்பில் கறுப்புப் புள்ளிகள். நுளம்பு செத்துக் கிடப்பது போலிருக்கிறது என்றார். எல்லா இடத்திலும் சமமாகப் பரவினால்தான் அலையும் ஒளியை அது விழுங்கும். ஆண்டின் கடைசி மாதங்கள் வந்துவிட்டன.

அப்போதுதான் மிஸ் என்னைத் தனியே அழைத்தார். எதையோ சொல்லத் தயங்கினார். அவர் தயங்கி நான் பார்த்தது அதுவே முதல் தடவை.

"நஸீர், உங்கட ஊரில... அந்தக் கணவாய் எண்டுற சாமான் கிடைக்குமோ?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மீன் சமைத்த பாத்திரம் இருந்த மேசையிலே கூட உட்காராத சைவக்காரி அவர்.

"கிடைக்கும் மிஸ். ஆருக்கு?"

"எனக்கில்லைக் காணும்! அதுக்குள்ள மை இருக்குதாம். அந்த மை முழுக்கச் சின்னச் சின்னக் கறுப்பு மணிகளாம். தண்ணியில கட்டிப்படாமல் நிக்குமாம். வாசிச்சனான். நிலாந்தியின்ர மணி அளவுக்குக் கிட்டத்தட்டச் சரியா வரும்."

அந்த வார இறுதியில் மச்சானிடம் சொல்லிவைத்து, படகிலிருந்து இறங்கிய கணவாயை ஒரு கூடை வாங்கினேன். மைப்பையை உடையாமல் எடுக்கும் பொறுமை எனக்கு இல்லை. என் மனைவி ஸுபைதா கிணற்றடியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துப் போத்தலில் பிழிந்தாள். முழங்கை வரை கறுப்பு.

"சுத்தமான உத்தியோகம் எண்டு செல்லித்தான் வாப்பா என்ன ஒங்களுக்குக் கட்டித் தந்தாரு," என்றாள். "கணவாய்ட குடல்ல இரிக்கி ஒங்கட உத்தியோகம்."

"இது நீலம் எடுக்கிறதுக்கு."

"நீலம் வேணுமெண்டா கடைல நீலக்கட்டி இரிக்கி. ஒங்கட மிஸ் மீன் மணம் பட்டாலே குளிக்கிற ஆள் எண்டீங்க. இதக் கொண்டு போனா அவ கடல்லயே பாய்வா."

"அவதான் கேட்டா."

ஸுபைதா கையை நிறுத்தி என்னைப் பார்த்தாள். "அந்தச் சிலாபத்துப் புள்ளைக்கா?" என்றாள். ஓம் என்றேன். கூடையில் மிஞ்சியிருந்த சிறியவற்றையும் விடாமல் எடுத்துப் பிழிந்தாள்.

சூடு புகாத ரெஜிஃபோம் பெட்டியில் ஐஸ் நிரப்பிப் போத்தல்களை நடுவில் வைத்துக் கட்டிக்கொண்டு புறப்பட்டேன். பாலாவிச் சந்தியில் மாறி ஏறிய பஸ்ஸில் சனம் நிறைந்திருந்தது. உப்பு லொறிகளின் நடுவே பஸ் நகரத் தொடங்கியதும் கண்டக்டர் மூக்கைச் சுருக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"நானா, பெட்டியில என்ன? மணம் ட்ரைவர் வரைக்கும் போகுது."

"நீலம் தம்பி."

ஒரு போத்தலை எடுத்துக் காட்டினேன்.

"இது கறுப்பா இரிக்கே."

"காஞ்சா நீலமாகும், இன்ஷா அல்லாஹ்."

"அப்ப காஞ்ச பிறகு பஸ்ல ஏறியிருக்கலாமே நானா," என்றார். பின்வரிசை முழுவதும் சிரித்தது. ஒருவர் மட்டும் எழுந்து, பெட்டியைத் தம் ஆசனத்தின் கீழ் வைக்கச் சொன்னார். அவரும் மீன்காரராம்.

நிலாந்தி அந்த மையை வேகமாகச் சுழற்றிப் பிரிக்கும் பொறியில் இட்டு, நீரில் கழுவி, மீண்டும் சுழற்றி, மணம் போகும்வரை சுத்தம் செய்தார். மிஸ் வாசலுக்கு வெளியே சேலைத் தலைப்பை மூக்கில் பிடித்தபடி நின்றாரேயன்றி விலகிப் போகவில்லை. கணக்கு சொன்ன குறுகிய அளவுக்குள் கறுப்பை நிறுத்து, வெள்ளை மணிகளோடு கலந்து, தட்டில் ஊற்றினார் நிலாந்தி.

தட்டு கறுத்துப் போனது. நீலமோ சாம்பலோ அல்ல, அடுப்படிச் சுவர் போலக் கறுப்பு.

நிலாந்தி கையுறையைக் கழற்றி மேசையில் வைத்தார். "முடிஞ்சுது நானா. இனி மணி செய்யிறதுக்கும் நாளில்லை." குரல் தழுதழுக்கவில்லை. அதுதான் எனக்கு வேதனையாக இருந்தது.

வாசலிலிருந்து மிஸ்ஸின் குரல் வந்தது. "ஈரத்துக்கு ஆர் கணக்குப் போட்டது?"

நாங்கள் திரும்பிப் பார்த்தோம்.

"உங்கட கணக்கில மணிக்கு மணி இடையில காத்து. இப்ப அதுக்குள்ள தண்ணி நிக்குது. தண்ணிக்குள்ள இருக்கிற சிலிக்காவை ஒளிக்குச் சரியாத் தெரியாது. கறுப்பு மட்டும்தான் தெரியும். காயட்டும்."

கதிரைகளை இழுத்துப் போட்டு, நானும் நிலாந்தியும் தட்டருகிலும் மிஸ் வாசலுக்கு வெளியிலுமாக உட்கார்ந்தோம். மிஸ் பாடவில்லை. என் உதடுகள் மட்டும் நபிமேல் ஸலவாத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தன. நடுப்பகல் லுஹருக்கு எழுந்து போய்த் தொழுதுவிட்டுத் திரும்பி வந்தபோது, மிஸ் தம் கதிரையிலிருந்து எழுந்து தட்டின் மேல் குனிந்திருந்தார். மீன் மணத்தை மறந்து உள்ளே வந்திருக்கிறார் என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

தட்டின் ஓரத்தில், நீர் முதலில் வற்றிய இடத்தில், நூலளவு நீலம்.

அந்த நூல் அகன்றது. ஓரங்கள் நான்கிலிருந்தும் கறுப்பு உள்நோக்கி ஒடுங்கியது. அது விட்ட இடத்தையெல்லாம் நீலம் பிடித்துக்கொண்டு வந்தது. களப்பின் நீலம் அல்ல, ஆழக்கடலின் நீலம். நடுவில் கடைசியாக எஞ்சிய கரும்பொட்டும் மறைந்தபோது நிலாந்தி தட்டைத் தூக்கிச் சரித்துப் பார்த்தார். எந்தப் பக்கம் சரித்தாலும் நீலம். என் வாழ்நாளில் ஓதிய அத்தனை பாடல்களிலும் ஒளியைப் புகழ்ந்த அடிகளே எனக்குப் பிடித்தவை. இருளுக்கும் அவன் ஒரு பணியை வைத்திருக்கிறான் என்பதை அன்று கண்ணால் கண்டேன். பின்னர் படித்தோம், நீல இறகுடைய பறவைகள் பலவற்றிலும் நீலக் கட்டமைப்பின் அடியில் இதுபோன்ற கருமணிகள் உள்ளனவாம். எங்களுக்கு முன்பே அவன் கலந்து வைத்திருக்கிறான்.

அளந்த வரைபும் கணித்த வரைபும், எதையும் கழிக்காமல், ஒன்றோடொன்று நெருங்கி ஓடின. முன்கோட்டில் மிகவும் விலகியவர் நிலாந்தி. அன்று முழுத் துறைக்கும் அவர் வாங்கிய பற்றீஸ் பலகாரம் போதாமல் இரண்டாம் தடவையும் ஆள் அனுப்ப வேண்டியிருந்தது.

ஆய்வேடு உரிய நாளில் போய்ச் சேர்ந்தது. வாய்மொழிப் பரீட்சை நாளன்று நானும் மிஸ்ஸும் மண்டபத்துக்கு வெளியே நடைபாதையில் காத்திருந்தோம். எங்களோடு நிலாந்தியின் தந்தையும் இருந்தார். சிலாபத்தில் படகுகளுக்கு வர்ணம் பூசுபவர். விறைப்பான புதுச் சட்டை, நகக்கண்களில் அழியாத வர்ணம். கதவைப் பார்ப்பதும் எங்களைப் பார்ப்பதுமாக இருந்தார்.

"உள்ளுக்கு ஏசுவாங்களா?" என்று என்னிடம் கேட்டார்.

"கேள்வி கேப்பாங்க ஐயா."

"ரெண்டும் ஒண்டுதானே."

கதவு திறந்தது. நிலாந்தி வெளியே வந்து, மூவரையும் பார்த்து, "நானா, இனி வெறும் நங்கி எண்டு கூப்பிட ஏலாது. டொக்டர் நங்கி," என்றார்.

சிங்கள வழக்கில் தந்தையைத் தாத்தா என்பார்கள். "தாத்தா, இதுதான்," என்று அந்த நீலத் தட்டை அவர் கையில் வைத்தார். பெரியவர் அதை நடைபாதையின் ஓரத்துக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்தார். சரித்தார். தலைகீழாகப் பிடித்தார். தொழில் தெரிந்தவர் பார்க்கும் பார்வை.

"இது எத்தனை வருசம் வெயிலுக்கு நிக்கும்?"

"இதுல வெளிறுறதுக்குச் சாயமே இல்லை தாத்தா."

பெரியவர் யோசித்தார். "அப்ப ஒருக்கா அடிச்சா அடுத்த வருசம் என்னை ஒருத்தரும் கூப்பிட மாட்டாங்க. இவ்வளவு படிப்பிச்சது என்ட வேலையை நிப்பாட்டவா?"

"ஓம் தாத்தா. அதுக்குத்தான் படிச்சது. இனி நீங்க வீட்டில இருங்க, நான் பார்க்கிறன்."

அவர் சிரிக்கத் தொடங்கி, அது நடுவில் வேறேதோ ஆகி, மறுபடியும் சிரிப்பாகியது. நெடுநேரம் கழித்துத் தட்டைத் துணியில் சுற்றித் தம் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். அந்தத் தட்டு ஆய்வுகூடத்தின் சொத்து. மாதிரி ஒன்று அலுமாரியை விட்டு ஓரங்குலம் நகர்ந்தாலும் விளக்கம் கேட்பவர் மிஸ். அவர் பெரியவரின் சட்டைப்பையைப் பார்த்தார். பின்னர் முற்றத்து மரங்களைப் பார்த்தார்.

தந்தையும் மகளும் படியிறங்கிப் போகும்வரை காத்திருந்துவிட்டு, மிஸ் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

"நஸீர், நீர் ஒண்டும் காணேல்லை."

"ஓம் மிஸ்," என்றேன். "நான் ஒண்டும் காணேல்லை."